எட்டாவது கையெழுத்து

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த மலையடிவாரத்தில் யாருக்கும் ஆள் தெரியாது. 'சமரசம்' என்று சொன்னால்தான் தெரியும். வேலித் தகராறா, சமரசத்தைக் கூப்பிடு. பாதைத் தகராறா, சமரசத்தைக் கூப்பிடு. எல்லாம் பேசி முடிந்ததா, இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு சமரசத்தைத் திட்டு. வாங்கிக்கொள்வார். ஐம்பத்தேழு வயதில் இரண்டு முட்டியும் போய்விட்டது. படி ஏறும்போது நடுவில் நின்று முகத்தைச் சுளிப்பார். யாராவது பார்த்துவிட்டால் அந்தச் சுளிப்பையே சிரிப்பாக மாற்றிக்கொள்வார்.

அவருடைய பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை புரியும். டவுனிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து மலை ஏற்றிக் காட்டும் கம்பெனி ஒன்று. அதில் மூட்டை தூக்கச் சேர்ந்தார், வழிகாட்டி ஆனார். மலைக்குப் போகும் பாதை இருக்கிறதே, அது யாருடைய பாட்டன் போட்ட ரோடும் அல்ல. எட்டுப் பேருடைய தோட்டத்துக்குள் புகுந்து போகிற ஒற்றையடிப் பாதை. ஆரம்பத்தில் வாரத்துக்கு நாலு பேர் போனார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நாற்பது பேர், எண்பது பேர் என்று ஆனதும் தோட்டக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். "எங்க நிலத்துல நடந்து நீங்க சம்பாதிப்பீங்க, நாங்க வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கம்பெனிக்கு நியாயத்தைவிட ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. தோட்டக்காரர்களில் பாதிப் பேர் சமரசத்துக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். பிடித்துப் பேச வைத்துவிட்டார்கள். அடையாள அட்டையில் 'கள ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டுக் கொடுத்தார்கள். 'திட்டு வாங்குபவர்' என்று போட்டிருந்தால் மையாவது மிச்சமாகியிருக்கும்.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேச்சு வேலை. வருஷத்துக்கு ஒருமுறை எட்டு நிலத்துக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். தோட்டக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். கம்பெனி வருஷத்துக்கு ஒரு தொகை என்று சொல்லும். அந்தத் தொகைக்கு 'நல்லெண்ணத் தொகை' என்று வேறு பெயர். எண்ணம் என்னவோ பெரிதாகத்தான் இருந்தது, தொகைதான் சிறிசு.

சமரசத்தின் வித்தை என்ன தெரியுமா? உட்காருவது. போய் உட்கார்ந்துவிடுவார். விஷயத்தைப் பேச மாட்டார். மாட்டுக்கு உடம்பு எப்படி, மருமகன் வேலை எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்களே பொறுக்க மாட்டாமல் "இந்த வருஷம் முடியாதுப்பா" என்பார்கள். தலையை ஆட்டுவார். இன்னொரு டீ குடிப்பார். இரண்டாவது தடவையும் முடியாது என்பார்கள். அதற்கும் தலையாட்டு. மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்போதுதான் பையைத் திறந்து பேப்பரை எடுப்பார்.

அதோடு கடைசியாக ஒரு அஸ்திரம் வைத்திருந்தார். அந்த எட்டு நிலத்தில் ஐந்தாவது அவருடையது.

இந்த வருஷம் இரும்புக் கேட்காரர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாலாவது நிலம் அவருடையது. சமரசத்தின் மனைவிக்குப் பெரியப்பா மகன், அதாவது சமரசத்துக்கு மச்சான். நாலு வருஷத்துக்கு முன்னால் ரோஷம் வந்து பாதையின் குறுக்கே இரும்பில் ஒரு கேட் போட்டார். அந்தக் கேட்டால் அவருக்குக் கிடைத்தது பட்டப்பெயர் ஒன்றுதான்.

"வாங்க மாப்பிள்ளை. வருஷத்துக்கு ஒரு தரம்தான் எங்க வீட்டு வழி தெரியும் போல."

"நீங்க குறுக்கால கேட் போட்டு வெச்சா எப்படி மச்சான் வர்றது?"

"கேட்டு போட்டு என்ன புண்ணியம்? தாண்டிக் குதிச்சுப் போறானுங்க. போன மாசம் ஒரு பொண்ணு என் கோஸைப் பிடுங்கி மடியில வெச்சுப் போட்டோ எடுத்துட்டு, மறுபடியும் நட்டுட்டுப் போயிருக்கு. நட்டுட்டு! கோஸ் என்ன குடையா, எடுத்து விரிச்சுப் பார்த்துட்டுத் திரும்பச் செருகி வெக்க?"

சமரசம் சிரிக்கவில்லை. சிரித்தால் பாதி தோற்ற மாதிரி. மச்சான் சாவி கொடுத்த பொம்மை மாதிரி அடுக்கிக்கொண்டே போனார். வேலியைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்கள், ஆடு வந்து பீன்ஸை மேய்கிறது. தண்ணீர்க் குழாயில் முகம் கழுவுகிறார்கள், மூடுவதில்லை. பாறைக்குப் பின்னால் என்னென்னவோ செய்து வைக்கிறார்கள், அதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

"தலைக்கு இவ்வளவுன்னு எண்ணிக் கொடுத்தா அது எனக்கு மரியாதை மாப்பிள்ளை. வருஷத்துக்கு ஒரு கவர் கொண்டாந்து நீட்டினா அது பிச்சை. இந்தத் தடவை முடியாது."

தலையாட்டல். டீ. மறுபடியும் முடியாது. மறுபடியும் தலையாட்டல். முட்டி தெறித்தது. நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் காலை மடக்கி உட்கார்வது அவருக்கு இப்போதெல்லாம் மலை ஏறுவதைவிடக் கஷ்டம். ஆனால் எழுந்து காலை உதறினால் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது முடியாதுக்குப் பிறகு அஸ்திரத்தை எடுத்தார்.

"மச்சான், நான் உங்களை ஏமாத்துவேனா? உங்க கேட்டைத் தாண்டினா அடுத்தது எங்க நிலம். உங்க தங்கச்சி நிலம். அதே ஆளுங்கதானே அதுலயும் நடக்கிறாங்க? நான் ஒரு காசு வாங்குறேனா சொல்லுங்க? சும்மாதானே விட்டிருக்கேன்?"

மச்சானுக்கு வாயடைத்துப் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில்தான் வாயடைக்கும். தங்கையே சும்மா விடும்போது அண்ணன் காசுக்குச் சண்டை போட்டால் ஊர் என்ன பேசும்? உள்ளே சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது. அது மச்சானின் மனைவி. சமரசம் வந்தால் அந்த அம்மாள் வெளியே வருவதில்லை.

"உங்க முகத்துக்காகப் போடறேன்" என்று மச்சான் கையெழுத்தைப் போட்டார். படிக்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவரும் அந்த நாலு பக்கத்தைப் படித்ததில்லை. 'உரிமையாளரின் குறைகள்' என்று அதில் ஒரு கட்டம் உண்டு. வெளியே வந்து, கேட்டில் பேப்பரை வைத்து, அந்தக் கட்டத்தில் சமரசம் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். ஏழிலும் இல்லைதான்.

இப்படியாக மூன்று வாரம் அலைந்து ஏழு கையெழுத்து வாங்கி ஆபீசுக்குக் கொண்டுபோனார். அங்கே புது மேனேஜர். தலைமை ஆபீசிலிருந்து வந்த பிள்ளை, முப்பது வயது இருந்தால் அதிகம். யாரைப் பார்த்தாலும் சார் சார் என்பார். அந்த மரியாதையைப் பார்த்தாலே சமரசம் உஷாராகிவிடுவார். திட்டுகிறவனிடம் பேசிவிடலாம்.

"எட்டாவது எங்க சார்?"

"அது நம்மளோடது சார். நான் போட்டுடறேன்." பேனாவை எடுத்தார்.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பத்திரத்துல உங்க பேர் இல்லையே சார்? உங்க மனைவி பேரில்ல இருக்கு?"

"ஆமா, என் மாமனார் அவளுக்குக் கொடுத்தது. நான்தான் சார் பன்னிரண்டு வருஷமா போடறேன்."

"அது தப்பு சார். இனிமே பத்திரத்துல இருக்கிறவங்கதான் போடணும். எட்டும் சேர்ந்து வரணும், இல்லாட்டி எடுத்துக்க மாட்டாங்க. சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ஆகலைன்னா மலைக்கு அந்தப் பக்கம் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க சார். அங்க ஒரே எஸ்டேட், ஒரே முதலாளி. ஒரு போன்ல முடிஞ்சிடும்."

ஒரே முதலாளி என்றால் பேச ஆள் தேவையில்லை. அதை அந்தப் பிள்ளை சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. முட்டி போன ஐம்பத்தேழு வயதுக்காரருக்கு இந்த வேலையை விட்டால் வேறு எவன் கொடுப்பான்? ஆனால் சமரசம் கவலைப்படவில்லை. ஏழு வீட்டில் வாங்கியாயிற்று. எட்டாவது சொந்த வீடு. ஏழு பேப்பரையும் பையில் திரும்ப வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மனைவி தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவர் வாளியில் கை கழுவிக்கொண்டே, "பையில ஒரு பேப்பர் இருக்கு, ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றார்.

பேப்பரை எடுத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார். அவள் மூன்றாவது பக்கத்தில் இருந்தாள்.

"கடைசிப் பக்கம்தான், கீழ."

"தெரியுது. படிக்கிறேன்."

நாலாவது பக்கமும் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள்.

"முடியாது" என்றாள்.

"என்ன முடியாது?"

"கையெழுத்து போட முடியாது."

சமரசத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. "விளையாடாத. சனிக்கிழமைக்குள்ள கொடுக்கணும்."

"இது கம்பெனி பேப்பர்தானே? கம்பெனியில இருந்து ஆள் வந்து கேக்கட்டும்."

"அடியேய், நான்தான் கம்பெனி ஆள்!"

"அப்போ அப்படி வாங்க. எங்கண்ணன் வீட்டுல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டீங்க இல்ல? அந்தப் பன்னிக்கூண்டுக்காரன் வீட்டுல மூக்கைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்தீங்க இல்ல? எனக்கு மட்டும் கை கழுவிக்கிட்டே சொல்லுவீங்களா? நாளைக்கு வாங்க. பத்து மணிக்கு மேல வாங்க, எனக்கு அடுப்பு வேலை முடியணும்."

விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். சமரசம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பேசியிருக்கலாம். அவர் கேட்டிருக்க மாட்டார்.

மறுநாள் என்ன செய்தார் என்கிறீர்கள்? போனார். வேறு வழி? கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றார். எதிர்வீட்டுக்காரர் பார்த்து, "என்ன சமரசம், சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். தலைவிதி.

"வாங்க, உட்காருங்க" என்று அவள் நாற்காலியைப் போட்டாள். முட்டிக்கு வசதியாக உயரமான நாற்காலியாகப் பார்த்துத்தான் போட்டாள். டீயும் வந்தது.

சமரசம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பீன்ஸெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. முடியாது."

தலையாட்டினார்.

"முடியாது. முடியாது. மூணு தடவை சொல்லிட்டேன். இப்போ பேப்பரை எடுப்பீங்க, எடுங்க. எனக்கு வேலை இருக்கு."

அவருடைய வித்தையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வருஷமும் எந்த வீட்டில் எப்படிப் பேசினோம் என்று அவளிடம்தானே வந்து பீற்றிக்கொள்வார்? பேப்பரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

"இங்க பாரு, நான் உன்னை ஏமாத்துவேனா? எங்க நிலத்துலயே நான் ஒரு காசு..."

அவ்வளவுதான். நாக்கு அப்படியே நின்றுவிட்டது. எங்க நிலம்! எந்த நிலம்? எதிரில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுடைய நிலம். ஏழு வீட்டிலும் வீசிய அஸ்திரம், இவளிடமிருந்து கேட்காமல் எடுத்தது. இவளிடமே அதை வீசப் போனார். காது மடல் வரைக்கும் சூடேறியது அவருக்கு.

அவள் சிரிக்கவில்லை. "வாங்க, தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றாள்.

வெயிலில் மெதுவாக நடந்தார்கள். அவருடைய நடைக்கு அவள் நின்று நின்று போனாள். இரும்புக் கேட்டைத் தாண்டினால் அவளுடைய நிலம். பாதை அதை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. கீழே பீன்ஸ் கொடி ஏறிக் கிடந்தது. மேலே வெறும் தரை. சிமெண்டு போட்ட மாதிரி இறுகிப்போயிருந்தது. அந்த இடம் சமரசத்துக்கு நன்றாகத் தெரியும். முட்டி போகும்வரை, மூன்று வருஷம் முன்பு வரைக்கும், பேச்சு வேலையோடு வழிகாட்டவும் போவார்; ஒவ்வொரு கூட்டத்தையும் அங்கேதான் உட்கார வைப்பார். சமதளம், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். "இது நம்ம சொந்த இடம், யாரும் கேக்க மாட்டாங்க, நிம்மதியா உட்காருங்க" என்பார். போட்டோ எடுப்பார்கள், தின்பார்கள், படுத்து உருளுவார்கள். அவருக்குப் பிறகு வந்த வழிகாட்டிகளும் அங்கேதான் உட்கார வைத்தார்கள்.

"இங்க ஏன் ஒண்ணும் போடாம விட்டிருக்கேன்னு என்னிக்காவது கேட்டீங்களா?"

"உனக்கு முடியலைன்னு நினைச்சேன்."

"மூணு வருஷம் விதை போட்டேன். முளைச்சு ஒரு சாண் வரும். ஞாயித்துக்கிழமை போனா திங்கக்கிழமை கூழாகிக் கிடக்கும். நாலாவது வருஷம் விதைக்கிற காசாவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன். ஆறு வருஷம் ஆச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. 'நாலு பேர் உட்கார்ந்தா நிலம் தேஞ்சா போயிடும்'னு கேட்டீங்க."

கேட்டிருப்பார். அவருக்கு நினைவில்லை, ஆனால் அது தன்னுடைய பேச்சு என்பது தெரிந்தது. அந்த வெறும் தரையில் உட்காரவும் கூச்சமாக இருந்தது, நிற்கவும் முட்டி விடவில்லை. வரப்பில் போய் உட்கார்ந்தார்.

"அதுகூடப் போகட்டுங்க" என்றாள் அவள். "எங்க அண்ணி என்கூடப் பேசி நாலு வருஷம் ஆச்சு. எங்கண்ணன் கேட்டைப் போட்டு, தலைக்கு இவ்வளவு கொடுன்னு நின்னப்போ, 'உங்க தங்கச்சியே சும்மா விடுறா'ன்னு சொல்லி வாயை அடைச்சீங்க இல்ல, அன்னிக்கு நின்ன பேச்சு. ரெண்டு தோட்டத்துக்கும் பொதுவான தண்ணி வால்வைத் திறக்க நான் போனா, அண்ணி பாதியிலயே திரும்பிப் போயிடுறா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி இருந்தவ. கம்பெனிகிட்ட நான் ரகசியமா பெரிய தொகை வாங்கிட்டு அவங்க வயித்துல அடிக்கிறேன்னு நினைக்கிறா. ஏன் நினைக்க மாட்டா? எந்தப் பைத்தியக்காரி நிலத்தைச் சும்மா விடுவா?"

சமரசம் தலையாட்டினார். இது வித்தைக்காக ஆட்டிய தலை அல்ல.

பேனாவை எடுத்தார். "உரிமையாளரின் குறைகள்னு ஒரு கட்டம் இருக்கு. சொல்லு, எழுதிக்கிறேன்."

சொன்னாள். மேலே யாரும் உட்காரக் கூடாது. பாதை வரப்போடு போகட்டும். தலைக்கு இவ்வளவு என்று காசு வேண்டும். கட்டம் போதவில்லை, பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்து அதை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுபோனார். மேனேஜர் கத்துவார், அந்தப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போன் போடுவார் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போனார்.

மேனேஜர் கத்தவில்லை. படித்தார், கணக்குப் போட்டுப் பார்த்தார். "அவ்வளவுதானே சார்? கொடுத்துடலாம்" என்றார்.

"கொடுத்துடலாமா?"

"ஒரு நிலத்துக்குத்தானே. தாராளமா. மத்த ஏழு பேருக்குத் தெரியாம பார்த்துக்கங்க, அது போதும். தெரிஞ்சா எட்டுப் பேரும் இதே ரேட்டு கேப்பாங்க, நமக்குக் கட்டுப்படியாகாது." பேப்பரில் தொகையை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். "மேடம்கிட்ட வாங்கிட்டு, சனிக்கிழமை எட்டையும் கொண்டாந்துடுங்க சார்."

பாருங்கள், இதற்குப் பெயர்தான் சோதனை. வேலை தப்பியது. மனைவி கேட்ட காசு கிடைத்தது. சந்தோஷமாகப் போக வேண்டிய மனிதர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டார். அண்ணி நினைத்தாளே, ரகசியமாகத் தொகை வாங்குகிறாள் என்று, அது நாலு வருஷமாகப் பொய்யாக இருந்தது. இந்தப் பேப்பரில் கையெழுத்து விழுந்தால் நிஜமாகிவிடும். வெயிலில் நொண்டி நொண்டித் திரும்பி நடந்தார்.

இரும்புக் கேட்காரர் வீடு வழியில்தான் இருந்தது. வாசலில் நின்றார். உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. பிறகுதான் உறைத்தது. சொன்னால் போகப்போவது யாருடைய காசு? மறுபடியும் அவளைக் கேட்காமலா? தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தொகையைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. மறைப்பானேன், ஆசையாகத்தான் இருந்தது அவளுக்கு.

"யாருக்கும் தெரியக் கூடாதாம்" என்றார்.

மடித்துக்கொண்டிருந்த துணி அப்படியே கையில் நின்றது.

"தெரிஞ்சா?"

"ஏழு பேரும் பேப்பரைத் திருப்பிக் கேப்பாங்க. கம்பெனி அந்தப் பக்கம் போயிடும். நமக்கு இதுவும் கிடையாது. என் வேலையும் போயிடும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு அலுத்துப்போச்சு" என்றார் சமரசம். "ஆனா நிலம் உன்னோடது. நீ சொல்றதுதான். நிஜமாத்தான் கேக்குறேன்."

அவள் துணியை உதறி மறுபடியும் மடித்தாள். "காசு வேணாம்னு சொல்ற அளவுக்கு நாம என்ன பெரிய பணக்காரங்களா? வேணும். ஆனா இதை வாங்கிக்கிட்டு எங்க அண்ணி முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"

"சரி. ஏழு வீட்டுலயும் விஷயத்தைச் சொல்லி, பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடறேன்."

"ஏழு வீட்டுக்குமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு? நாளைக்குப் போங்களேன்."

"நாளைக்குன்னா நான் மறுபடியும் யோசிப்பேன்."

முதலில் மச்சான் வீடு. மாட்டுக்கு உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, டீயும் வேண்டாம் என்றுவிட்டார். நின்றுகொண்டே பேப்பரை நீட்டினார்.

"மச்சான், என் நிலத்துல சும்மா விட்டிருக்கேன்னு சொன்னேன் இல்ல, அது என் நிலம் இல்ல. உங்க தங்கச்சி சும்மா விடவும் இல்ல. அவளை நான் கேட்டதே இல்ல. இப்போ கேட்டேன். தலைக்கு இவ்வளவுன்னு கேட்டா. கம்பெனி ரகசியமா கொடுக்கிறேன்னு சொல்லுது. இந்தாங்க உங்க பேப்பர்."

மச்சான் பேப்பரை வாங்கவில்லை. நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார்.

"தங்கச்சியே சும்மா விடுறா, எனக்கு ஏன் பேராசைன்னு நாலு வருஷமா வெட்கப்பட்டேன் மாப்பிள்ளை. என் பொண்டாட்டி தினம் குத்திக் காட்டினா, அவளை நான் அதட்டினேன். உங்க முகத்துக்காக அதட்டினேன்." வாசலைக் கை காட்டினார். "போங்க. பேப்பரை வெச்சுட்டு எந்திரிச்சுப் போங்க."

சமரசம் உட்காரவே இல்லை, எழுந்து போவதற்கு. அதைச் சொல்கிற நேரமா அது? பேப்பரை நாற்காலியில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். ஏழு வீட்டிலும் ஏதாவது ஒன்று கிடைத்தது. ஒருவர் பேப்பரைக் கிழித்து முகத்துக்கு நேரே போட்டார். பன்னிக்கூண்டுக்காரர் மட்டும் "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார். கடைசி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

சனிக்கிழமை வெறும் பையோடு ஆபீசுக்குப் போனார். மேனேஜர் அன்றைக்கும் கோபப்படவில்லை. "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் போனை எடுத்தார். உண்மையிலேயே ஒரே போனில் முடிந்துவிட்டது. அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தபோது, கழுத்துக்கு லேசாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வழியில் மாத்திரைக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரக் கடைசியில் டவுன் ஆட்களை ஏற்றி வரும் வேன்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எட்டு நிலத்துக்கும் நல்லெண்ணமும் இல்லை, தொகையும் இல்லை. கோபம் இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கேட்டுப் பார்க்கவும் இனி ஆள் இல்லை, அதற்கும் சமரசம்தான் காரணம் என்றார்கள். வீட்டில் இருந்த காசை மனைவி அளந்து அளந்து செலவு செய்தாள். மேல் பாதியைக் கொத்திப் பார்த்தாள், மண்வெட்டி துள்ளியது. மழை பெய்து மண் இளகட்டும் என்று விட்டுவிட்டாள். சமரசம் காலை ஒரு தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் அவள் வால்வைத் திறக்கப் போனாள். போனவள் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. அவருக்குக் கவலையாகி, எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அப்போது வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது, தலை கலைந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சு?"

"அண்ணி வந்தா."

"திரும்பிப் போயிட்டாளா?"

"போகல. நேரா என்கிட்ட வந்தா. வந்து, 'ஏண்டி, உன் புருஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வந்துக்கிட்டிருந்ததையும் கெடுத்துட்டு வந்து நிக்கிறானே, நீயெல்லாம் அவனுக்குச் சோறு போடறியா?'ன்னு பிடிச்சுக்கிட்டா. வாய்க்கு வந்தபடி. அரை மணி நேரம். மூச்சு விடல."

"நீ என்ன பண்ணின?"

"நான் சும்மா இருப்பேனா? நாலு வருஷமா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினியே, வந்து ஒரு வார்த்தை கேட்டா உன் வாய்ல முத்தா உதிர்ந்துடும்னு நானும் பிடிச்சுக்கிட்டேன். அங்க தண்ணி வழிஞ்சு பாதி வயல் ரொம்பிடுச்சு, ரெண்டு பேரும் பார்க்கல."

சொல்லிக்கொண்டே சுவரோரமாக உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது. சமரசம் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு என்று தெரிந்தும் உட்கார்ந்தார்.

"நாளைக்கும் அதே நேரத்துக்குத்தான் போகப் போறேன்" என்றாள்.